தீட்டத் தக்கதே கருவி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் உளியும் இரம்பமும் பேசுபொருளாவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், தமிழ்ப் புலவர் தச்சனைத் தம் அவைக்கு வெளியே நிறுத்தியவர் அல்லர். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு அதியமானை ஒப்பிட்டார் ஔவையார். புறநானூற்றின் 87 ஆம் பாட்டு அது. அவரே 206 ஆம் பாட்டில், பரிசில் காலந்தாழ்ந்த நிலையில் வாயில்காவலனை நோக்கி, மழுவேந்திய தச்சச் சிறுவர்க்குக் காட்டின் எப்பக்கமும் பயன் தருவதுபோலக் கலை வல்லார்க்கு எத்திசையிலும் உணவு உண்டு என்னும் பொருள்படப் பாடினார்.

இரு பாட்டுகளிலும் தச்சனின் பெருமை அவன் கையில் இருக்கிறது. அக்கையின் பெருமையோ அது ஏந்திய கருவியில் இருக்கிறது. மழுவின் வாய் மழுங்கியிருந்தால், எத்திசைக் காடும் அச்சிறுவர்க்கு ஒன்றுபோலவே பயனற்றுப் போயிருக்கும். புலவர் சொல்லாமல் விட்ட இந்தப் பகுதியே இவ்வுரையின் பொருள். ஒரு வீட்டில் சிறு தச்சுப் பட்டறை அமைக்க விரும்புவோர் கைக்கருவிகளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு பேணுவது என்பதே வினா. இவை இரண்டு வினாக்கள் போலத் தோன்றினும் உண்மையில் ஒன்றே என்பதை இனி வருவன காட்டும்.

கடையிலிருந்து வரும் கருவி

திண்ணையின் ஓரத்திலோ, மாடிப்படியின் கீழோ, வண்டி நிறுத்தும் கொட்டகையின் மூலையிலோ ஒரு வேலைப்பலகையை இட்டு, ஓய்வு நேரத்தில் முக்காலியும் புத்தக அலமாரியும் செய்ய விரும்புவோர் நகரங்களில் உளர். அத்தகைய ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் இரும்புக் கடைக்குச் சென்று, பெட்டியில் அடுக்கிய பன்னிரண்டு உளிகளையும், இரண்டு இழைப்புளிகளையும், பளபளக்கும் இரம்பம் ஒன்றையும் வாங்கி வருகிறார். முதல் நாள் தேக்குத் துண்டின் மேல் உளியை வைத்துத் தட்டுகிறார். மரம் வெட்டுப்படவில்லை, நசுங்குகிறது. இழைப்புளியைத் தள்ளுகிறார். சுருள் வரவேண்டிய இடத்தில் தூளும் சிராயும் வருகின்றன. கை பழகவில்லை என்று முதல் வாரம் தம்மை நொந்துகொள்கிறார். மரம் சரியில்லை என்று இரண்டாம் வாரம் மரக்கடைக்காரரை நொந்துகொள்கிறார். மூன்றாம் வாரம் மின்சாரத்தால் இயங்கும் பொறியொன்றை வாங்குகிறார். நான்காம் வாரம் கைக்கருவிப் பெட்டி பரணுக்கு ஏறுகிறது.

கையும் மரமும் குற்றமற்றவை. கடையில் விற்கப்பெறும் உளி பெரும்பாலும் முடிவுறாத உளி. தொழிற்சாலை அதற்கு வடிவத்தைத் தருகிறது, வாயைத் தருவதில்லை. உளியின் பின்புறம் சமதளமாகத் தோன்றினும், சாணைச் சக்கரம் விட்ட கீறல்கள் அதில் நிறைந்திருக்கும். அக்கீறல்கள் விளிம்பை எட்டும் இடமெல்லாம் விளிம்பு அறுபட்டு, கண்ணுக்குத் தெரியாத இரம்பம்போல் ஆகிவிடுகிறது. துருவைத் தடுக்கப் பூசிய மேற்பூச்சும் அதன் மேல் படிந்திருக்கும். வாங்கியவர்தாம் அதற்கு வாய் அமைக்க வேண்டும். குருவிடம் தொழில் பயின்ற தச்சர்க்கு இது சொல்லித் தெரிய வேண்டியதன்று. நூலைப் பார்த்தும் ஆசையாலும் தொழிலுக்கு வருபவர்க்கு இதனைச் சொல்லுவார் இலர். அவர் கைவிட்டுச் செல்வதற்கு முதற்காரணம் இதுவே.

எத்தனை வேண்டும்

தொடக்கத்தில் ஒரு வீட்டுப் பட்டறைக்கு வேண்டிய கருவிகள் பன்னிரண்டுக்கு மேல் இல்லை. கால், அரை, ஒன்று என அங்குல அளவில் மூன்று உளிகள் போதும். கால் அங்குல உளி பொருத்துத் துளைக்கு. அரை அங்குல உளி அன்றாட வேலைக்கு. ஓர் அங்குல உளி அகன்ற இடத்தைச் சீவுவதற்கு. இழைப்புளி ஒன்று, பதினான்கு அங்குல நீளமும் இரண்டு அங்குல அலகும் உடையதாயின் முரட்டு வேலைக்கும் மென் வேலைக்கும் அதுவே உதவும். இரம்பம் இரண்டு, மரத்தின் இழையோட்டத்தோடு நீளவாக்கில் அறுப்பது ஒன்று, இழையைக் குறுக்கே அறுப்பது மற்றொன்று. உளியைத் தட்டுவதற்குக் கொட்டாப்புளி. ஆணிக்குச் சுத்தியல். மூலைமட்டம். விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் கருவி. கையால் சுற்றும் துரப்பணம். திருப்புளி. இவ்வளவே.

இப்பன்னிரண்டோடு வாங்க வேண்டிய மூன்று பொருள்கள் உள. அவை மரத்தைத் தொடுவதே இல்லை. இரு பக்கமும் வேறு வேறு நயமுடைய தீட்டுக்கல் ஒன்று, முக்கோண அரம் ஒன்று, எண்ணெய்க் குப்பி ஒன்று. பன்னிரண்டு உளி வாங்கி இம்மூன்றையும் வாங்காதவர் பன்னிரண்டு இரும்புத் துண்டுகளையே வாங்கியவர். மூன்று உளியோடு ஒரு நல்ல கல்லை வாங்கியவர் மூன்று உளியை உடையவர். கையிலுள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கு தீட்டும் பொருளுக்குச் செல்லுமாயின், அது வீண் செலவன்று.

தேர்வின் அளவுகோல்

விலையும் முத்திரையும் தேர்வுக்கு ஓரளவே துணைசெய்யும். உறுதியான அளவுகோல் ஒன்று உண்டு. இக்கருவி மழுங்கினால் இதனை உடையவரே மீண்டும் தீட்ட இயலுமா? பிடி உடைந்தால் அவரே மாற்ற இயலுமா? இவ்விரு வினாக்களுக்கும் ஆம் என்னும் விடை தருவதே கருவி. மற்றவை பயன்படுத்தி எறியும் பண்டங்கள்.

இரம்பத்தில் இவ்வேறுபாடு தெளிவாகக் காணப்படும். இன்று கடைகளில் மிகுதியாக விற்கப்பெறும் இரம்பங்கள் பலவற்றின் பற்கள் மின்வெப்பத்தால் கடினமாக்கப்பெற்றவை. பல் நுனிகளில் நீலங்கலந்த கருமை ஓடியிருப்பதே அடையாளம். அவை நெடுநாள் கூர் குன்றா. ஆனால் குன்றிவிட்டால் அரம் அவற்றின்மேல் வழுக்கிச் செல்லும், பிடிக்காது. அந்த இரம்பத்தின் வாழ்வு அத்தோடு முடிகிறது. நுனி கருக்காத பற்களை உடைய பழைய வகை இரம்பம் விரைவில் மழுங்கும். எனினும் முக்கோண அரமும் அரைமணி நேரப் பொறுமையும் உடையவர் அதனை எத்தனை முறையும் புதிதாக்கலாம். முன்னது விலைக்கு வாங்கிய கூர்மை; பின்னது கற்றுக்கொள்ளும் கூர்மை.

இழைப்புளியில் இருவகை உண்டு. இரும்பு உடலுடைய இழைப்புளியின் இன்றைய அமைப்பு, அமெரிக்கரான லியோனார்டு பெய்லி வகுத்தது. அவர் உரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869 இல் வாங்கிற்று. அலகு 45 பாகைச் சாய்வில் நிற்க, பின்னுள்ள திருகு அதனை முன்னும் பின்னும் நகர்த்தும். தமிழகத் தச்சர் வழிவழியாகக் கையாண்டதோ மர உடலுடைய இழைப்புளி. அதில் திருகு இல்லை. அலகை ஆப்பு இறுக்கும். சுத்தியலின் சிறு தட்டே அதனை ஏற்றும், இறக்கும். தொடக்கக்காரர்க்குத் திருகு எளிது. ஆனால் மேற்சொன்ன அளவுகோலால் அளந்தால் மர இழைப்புளி தாழ்ந்ததன்று. அடிப்பரப்பு தேய்ந்து கோணினால் உடையவரே அதனை இழைத்துச் சமன் செய்யலாம். ஆப்பு தேய்ந்தால் அவரே புதிது செதுக்கலாம். தன்னைத் தானே செப்பனிட உதவும் கருவி அது.

உளியின் பண்பு அதன் உருக்கில் உள்ளது. உருக்கின் வரலாற்றில் தமிழகத்துக்குப் பங்குண்டு. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள் பண்டை இரும்பு, உருக்கு உலைகளின் தடயங்களை வெளிப்படுத்தின. ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்று அழைத்து வியந்த இந்திய உருக்கைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795 இல் இலண்டன் அரசக் கழகத்துக்கு ஆய்வுரை அளித்தார். அப்பெயர் உருக்கு, உக்கு என்னும் திராவிடச் சொற்குடும்பத்தோடு தொடர்புடையது என்பர். இப்பெருமையெல்லாம் ஓர் உளியை வாங்கும்போது எதைக் கற்பிக்கிறது? உருக்கின் தரம் வெளிப்பளபளப்பில் இல்லை என்பதைத்தான். மிக மென்மையான உருக்கின் விளிம்பு மடங்கும். மிகக் கடினமான உருக்கின் விளிம்பு சில்லுச் சில்லாக உதிரும். நல்லது இரண்டுக்கும் இடைப்பட்டது. அதனைச் சொல்வது கல்லே. ஒருமுறை தீட்டி ஒரு மணி நேரம் உழைத்தபின் வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உளி தன் பண்பைத் தானே கூறிவிடும். ஆதலின் முதலில் ஓர் உளியை மட்டும் வாங்கிப் பார்த்துப் பிற இரண்டையும் பின்னர் வாங்குவதே அறிவுடைமை.

பழைய கருவி கிடைப்பின் அதனை ஒதுக்க வேண்டுவதில்லை. மேலே படிந்த செந்துரு குற்றமன்று. உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும். ஆனால் உளியின் பின்புறத்தில், வாயை ஒட்டித் துரு குழி குழியாக அரித்திருந்தால் அதனை வாங்கலாகாது. அக்குழி விளிம்பை எட்டுந்தோறும் வாய் பழுதாகும். இரும்பு இழைப்புளியின் உடலில் விரிசல் இருப்பினும், இரம்பத் தகடு மடங்கி நெளிந்திருப்பினும் விலக்குக. உடைந்த பிடி ஒரு குறையே அன்று. புளியமரத்தின் வைரமும் கருவேலமும் கொட்டாப்புளிக்கும் பிடிக்கும் ஏற்றவை. புதியவர் செய்யும் முதற்பொருள் தம் உளிக்கு ஒரு பிடியாக இருப்பின் அதனினும் நல்ல தொடக்கம் இல்லை.

மரம் அறிதல்

கருவியை மழுங்கச் செய்வது மரம். ஆதலின் மரத்தை அறியாமல் கருவியைப் பேண இயலாது. தொல்காப்பிய மரபியல், உள்ளே வைரமுடையவற்றை மரம் என்றும், புறத்தே வைரமுடையவற்றைப் புல் என்றும் பிரித்தது. பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லினம். இன்றைய தாவரவியலும் அவற்றை ஒருவித்திலைக் குடும்பங்களில் வைத்து வேறுபடுத்துகிறது. தச்சனுக்கு இப்பகுப்பு ஏட்டறிவன்று. பனஞ்சட்டத்தை இழைப்பவன், வெளிப்புறத்தில் கருநார்கள் செறிந்து அலகை எதிர்ப்பதையும், உட்புறம் சோறாக நெகிழ்வதையும் ஒரே இழுப்பில் உணர்வான். வேங்கையையும் கருங்காலியையும் தொடுபவன் வைரம் நடுவிலும் வெளிறு புறத்திலும் இருப்பதை உணர்வான்.

தேக்கு இழைப்பதற்கு இனிய மரம். ஆனால் அதன் உடலில் மணலின் இனமான சிலிக்கா நுண்துகள்களாகப் படிந்துள்ளது. அதனால் தேக்கு, தோற்றத்தில் மென்மையாக இருந்தே உளியை விரைந்து மழுக்கும். தேக்கில் வேலை செய்பவர் தீட்டுக்கல்லை அடிக்கடி நாட நேர்வது அவர் கருவியின் குறையால் அன்று. இதை அறியாதவர் நல்ல உளியைப் பழித்து வேறொன்றை வாங்குவர். அதுவும் மழுங்கும்.

மரத்துக்கேற்ப வாயின் கோணமும் மாறும். கையால் தள்ளிச் சீவும் உளிக்கு 25 பாகை அளவு பொருந்தும். அன்றாட வேலைக்கு 30 பாகை. வைர மரத்தில் கொட்டாப்புளியால் அடித்துத் துளையிடும் உளிக்கு 30 முதல் 35 பாகை வேண்டும். கோணம் குறுகினால் எளிதில் வெட்டும், விரைவில் உடையும். கோணம் விரிந்தால் நெடுநாள் நிற்கும், மிகுந்த விசை கேட்கும். இரண்டையும் ஒருசேரப் பெற இயலாது.

தீட்டல்

கூர்மை என்பது இரு தளங்கள் சந்திக்கும் கோடு. இரு தளங்களும் மெருகேறியிருந்தாலன்றி அக்கோடு தூயதாகாது. உளியின் முன்சரிவை மட்டும் தீட்டிப் பின்புறத்தை மறப்பவர் பாதி உளியையே தீட்டியவர். பின்புறத்தில் வாயை ஒட்டி ஓர் அங்குல நீளத்தைக் கல்லில் படுக்க வைத்துச் சமனாக்குவது முதற்பணி. உளியின் வாழ்நாளில் இதனை ஒருமுறை செய்தால் போதும். அதற்கு ஒரு மாலைப்பொழுது செலவாகலாம்.

அடுத்தது சரிவு. 30 பாகையை அளக்கக் கோணமானி வேண்டுவதில்லை. சரிந்த முகத்தின் நீளம் உளித்தகட்டின் கனத்தைப்போல இருமடங்கு இருப்பின் கோணம் 30 பாகை. கனம் 4 மில்லிமீட்டர் எனின் சரிவு 8 மில்லிமீட்டர். முரட்டுப் பக்கத்தில் தொடங்கி, சரிவைக் கல்லில் ஒட்டப் பிடித்துச் சீராகத் தேய்க்க வேண்டும். சிறிது நேரத்தில் பின்புறத்தில், விளிம்பை ஒட்டி விரலுக்குத் தட்டுப்படும் மெல்லிய பிசிர் எழும். வாயின் அகலம் முழுதும் பிசிர் எழுந்தால் இரு தளங்களும் சந்தித்துவிட்டன என்று பொருள். ஓர் ஓரத்தில் எழாவிட்டால் அவ்விடத்தில் இன்னும் சந்திக்கவில்லை. பிறகு நயமான பக்கத்தில் சரிவைத் தேய்த்து, பின்புறத்தைத் தட்டையாக வைத்து இழுத்துப் பிசிரை நீக்கி, தோல் வாரில் சிலமுறை உரசினால் வேலை முடிந்தது.

கூர்மையை விரலால் சோதிப்பது ஆபத்து. இலவம் போன்ற மென்மரத்தின் குறுக்குமுகத்தைச் சீவிப் பார்ப்பதே உரிய சோதனை. வைர மரம் சற்றே மழுங்கிய உளியையும் பொறுத்துக்கொள்ளும், மென்மரம் பொறுக்காது. கூர் குறைந்த வாய் அதன் மெல்லிய இழைகளை வெட்டாமல் நசுக்கிவிடும். கூர்மையை அளக்க மென்மையே தக்க அளவுகோலாக இருப்பது எண்ணத்தக்கது.

மின்சாணையில் பிடிப்போர்க்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். உருக்கு ஏறத்தாழ 230 பாகை செல்சியசில் வைக்கோல் நிறம் கொள்ளும். 300 பாகையை நெருங்கும்போது நீலமாகும். நீலம் படர்ந்த இடத்தில் உளி தன் கடினத்தை இழந்துவிட்டது. பின்னர் எவ்வளவு தீட்டினும் அவ்விடம் நிலைக்காது. நீலம் போகுமளவும் தேய்த்து நீக்குவதே வழி. அடிக்கடி தண்ணீரில் தோய்த்து, கைபொறுக்கும் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். கைக்கல்லில் இந்த இடரே இல்லை. விரைவு தரும் பொறி ஒரு நொடியில் கெடுப்பதைக் கைக்கல் ஒருநாளும் கெடுப்பதில்லை.

தீட்டுக்கல்லைப் பற்றித் தமிழர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. வயிரத்துக்கு அடுத்த கடினமுடைய கனிமத்துக்கு உலகம் வழங்கும் பெயர் கொரண்டம். அது தமிழின் குருந்தம் என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. குருந்தப் பொடியை அரக்கோடு பிசைந்து செய்த சக்கரமே நம் நாட்டுப் பழைய சாணை. 1890களின் தொடக்கத்தில் அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன் உலையில் புதியதொரு கடும்பொருளைப் பெற்றார். அது கரியும் கொரண்டமும் கலந்தது என்று எண்ணி, இரு சொற்களையும் இணைத்துக் கார்போரண்டம் என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கனும் கரியும் சேர்ந்தது. எண்ணம் பிழைத்தாலும் பெயர் நிலைத்தது. அப்பெயரைத் தாங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954 இல் சென்னையிலேயே தோன்றியது. இரும்புக் கடையில் கார்போரண்டம் கல் கேட்பவர், உருமாறி ஊர்சுற்றித் திரும்பிய தமிழ்ச் சொல்லையே கேட்கிறார்.

கல்லும் தேயும். நடுவில் குழிந்த கல்லில் தீட்டிய உளியின் வாய் வளைந்துபோகும். கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்து, கல்லை அதன்மேல் தேய்த்து அவ்வப்போது சமன் செய்ய வேண்டும். தீட்டும் கல்லுக்கும் தீட்டல் உண்டு.

இரம்பம் தீட்டல் இதனினும் பொறுமை கேட்பது. தகட்டை இரு மரச்சட்டங்களுக்கு இடையே இறுக்கி, தட்டை அரத்தால் பல் நுனிகளை ஒரே மட்டமாக்க வேண்டும். பின்பு பற்களை ஒன்றுவிட்டு ஒன்று வலமும் இடமுமாகச் சற்றே மடக்க வேண்டும். இம்மடக்கு இருப்பதால்தான் அறுவழி தகட்டைவிட அகன்று, இரம்பம் மரத்தில் சிக்காமல் ஓடுகிறது. நீளவாக்கில் அறுப்பதன் பற்கள் சிற்றுளிகளின் வரிசை. அரத்தை நேர்குறுக்காகச் செலுத்த வேண்டும். குறுக்கே அறுப்பதன் பற்கள் சிறுகத்திகளின் வரிசை. அரத்தைச் சாய்த்துச் செலுத்த வேண்டும். முன்னது இழையைப் பெயர்க்கிறது, பின்னது இழையை அறுக்கிறது. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கேட்பவர் கையைத்தான் வருத்துவார்.

இழைப்புளியின் அலகும் உளியைப்போலவே தீட்டப்பெறும். அதன் மேல்தகடு வாயிலிருந்து விலகி நிற்கும் தூரமே பெயர்ந்துவரும் மரத்தை அடக்குவது. இழை முறுக்கிய மரத்தில் அத்தூரம் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால், சுருள் எழுந்தவுடன் மடிந்து, மேற்பரப்பு சிராய் எழாமல் வழுவழுப்பாகும்.

ஒவ்வொரு தீட்டலும் கருவியைச் சிறிது தின்கிறது. உட்பகையுற்ற குடியை அரம் பொருத இரும்புக்கு ஒப்பிட்டது குறள். இரும்பு தேய்வது கேடு என்று அங்கே கொள்ளப்பெற்றது. பட்டறையில் அதே தேய்வு வாழ்வாகிறது. தேயாத உளி வேலை செய்யாத உளி. எனினும் அளவு உண்டு. நாள்தோறும் சிறிது தீட்டுபவர் மயிரிழையினும் குறைந்த அளவையே இழக்கிறார். ஆண்டுக்கொருமுறை தீட்டுபவர் உடைந்த வாயைச் சீர்செய்யப் பெரும்பகுதியை இழக்கிறார். அவர் பேணுவது குறைவு, இழப்பது மிகுதி.

மழுங்கிய உளியே காயப்படுத்தும் உளி என்பதையும் புதியவர் நெஞ்சில் இருத்த வேண்டும். கூரிய உளி மெல்லத் தள்ளினால் செல்லும், நிறுத்தினால் நிற்கும். மழுங்கியதற்கு உடல் எடையையே கொடுக்க வேண்டும். அது திடீரென வழுக்கும்போது அவ்விசையெல்லாம் எதிரே மரத்தைப் பிடித்திருக்கும் இடக்கையின்மேல் செல்லும். பிடிக்கும் கை என்றும் வாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது தொழிலின் முதல் விதி.

துருவும் மழையும்

சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரமும் உப்பும் இரும்பை ஓயாது அரிக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓர் இரவில் செம்புள்ளி தோன்றும். கையின் வியர்வையும் உப்பே. ஆகவே வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தோய்ந்த துணியால் ஒருமுறை தடவி வைப்பதே முழு மருத்துவம். தையற்பொறிக்கு இடும் எண்ணெய் இதற்கு நன்று. தேங்காயெண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துக் காறும். ஆளிவிதை எண்ணெய் உலர்ந்து படலமாவதால் அதனை மரப்பிடிக்கு மட்டும் பூசுதல் தகும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியலாகாது. தன் சூட்டாலேயே அது தீப்பற்ற வல்லது. விரித்து உலர்த்தியோ நீரில் நனைத்தோதான் கழிக்க வேண்டும். உளிகளைத் தோலுறையில் நெடுநாள் வைத்தலும் நன்றன்று. தோல் ஈரத்தை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

தமிழகம் கருவிக்கென ஆண்டில் ஒருநாளை ஒதுக்கியிருக்கிறது. ஆயுத பூசையன்று ஏடும் உளியும் ஒரே பலகையில் அடுக்கப்பெற்று ஓய்வு கொள்கின்றன. எழுதுகோலையும் இழைப்புளியையும் ஒரே வரிசையில் வைக்கும் பண்பாடு போற்றத்தக்கது. ஆயினும் ஈரச் சந்தனம் உலருமுன் அதன் அடியில் துரு தொடங்கிவிடும். மறுநாள் அதனைத் துடைத்து எண்ணெயிட்டால்தான் வழிபாடு நிறைவுறுகிறது. எஞ்சிய நாள்களில் துடைக்கும் கை இல்லாவிடில், அந்த ஒரு நாள் மட்டும் உளியைக் காத்துவிடாது.

எஞ்சுவது

தொழிலையே வாழ்வாகக் கொண்ட தச்சரிற் பலர் இன்று மின்பொறிகளைக் கையாளுகின்றனர். கூலியும் காலமும் நெருக்கும்போது அது இயல்பே. அவரைக் குறைகூறுதல் முறையன்று. அவர்தம் பொறிகளின் அலகுகள் பல, மழுங்கினால் மாற்றிவிட்டு எறியப்படுபவை. ஆதலின் கையால் தீட்டும் அறிவு நிலைபெறும் இடங்களில் ஒன்றாக வீட்டுப் பட்டறை அமைந்துவருகிறது. பொழுதுபோக்காகத் தொடங்குபவர் தாம் அறியாமலே ஒரு மரபின் காப்பாளர் ஆகிறார். அவர் வாங்கும் கருவி தீட்டத் தக்கதா, எறியத் தக்கதா என்னும் தேர்வு அவர் பணப்பையோடு முடிவதன்று.

அம்மரபில் சொற்களும் அடங்கும். கூர்விளிம்பை வாய் என்றது தமிழ். இழைப்பது இழைப்புளி, திருப்புவது திருப்புளி எனத் தொழிலை முன்வைத்து உளியிலிருந்து சொற்கள் கிளைத்தன. வைரம், வெளிறு, இழை, பிசிர், சிராய், ஆப்பு ஆகிய சொற்கள் அகராதியில் இருப்பதனால் மட்டும் வாழ்ந்துவிடா. பிசிர் எழுந்ததா என்று விரலால் தடவிப் பார்ப்பவர் இருக்குமளவும் அச்சொல்லுக்குப் பொருள் இருக்கும். கவிஞர் அதனை எடுத்தாளும்போது படிப்பவர் விரலும் அதனை உணரும்.

அரம்போன்ற கூர்மை இருந்தும் மக்கட்பண்பு இல்லாதவரை மரத்துக்கு ஒப்பிட்டது திருக்குறள். கூர்மை தன்னளவில் முடிவன்று. எதற்குப் பயன்படுகிறது என்பதே அதன் மதிப்பு. நன்கு தீட்டிய உளியின் பயன், அது செய்த முக்காலியில் ஒரு முதியவர் அமரும்போது தெரியும்.

பல்லாண்டு உழைத்த உளி, வாங்கியபோது இருந்த நீளத்தில் இராது. குறைந்த நீளம் எல்லாம் கல்லில் தேய்ந்தது. தேய்ந்த ஒவ்வோர் இழையும் ஒரு நாளின் வேலை. அத்தகைய உளியை மகனோ மகளோ எடுத்துக்கொள்ளும்போது, உடன் ஒரு கல்லையும் கொடுத்து, பிசிர் எழும் இடத்தை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். உளி கைமாறுவது எளிது. வாய் அமைக்கும் அறிவு கைமாறினால்தான் அது கருவியாக நிலைக்கும்.